ஜகார்த்தாவில் வேலைக்குப் போக எது சரி: பஸ்வேயா, எம்ஆர்டியா, கேஆர்எல்லா, எல்ஆர்டியா?

ஜகார்த்தாவுக்கு மாற்றலாகி வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றி. அடுத்த கேள்வி, "வீடு எங்கே எடுக்கலாம், ஆபீசுக்கு எதுல போகலாம்?" என்பது. இரண்டும் ஒரே கேள்விதான் என்று இங்கே வந்து ஆறு மாதம் ஆனபிறகுதான் புரியும். அதற்குள் ஒரு வருட வாடகையை முன்பணமாகக் கொடுத்திருப்பார்கள்.

இப்போதும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் தனி ஆள், ஆபீஸ் செத்தியாபுடியில். இன்னொரு வீட்டில் கணவன், மனைவி, கைக்குழந்தை. கணவருக்குக் குனிங்கானில் வேலை, வாடகை கட்டுப்படியாக வேண்டும் என்பதால் பெக்காசிப் பக்கம் பார்க்கிறார்கள். மூன்றாவது குடும்பத்தில் பிள்ளைகள் படிக்கப்போகும் பள்ளி கெமாயோரானில், அப்பாவின் ஆபீஸ் பிளாக் எம்மில், அதாவது நகரத்தின் வடக்கிலும் தெற்கிலுமாக. மூன்று பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். தலைப்பில் உள்ள பெயர்கள் புதிதாக இருந்தால்: பஸ்வே என்பது தனித்தடத்தில் ஓடும் பேருந்து, எம்ஆர்டி மெட்ரோ ரயில், கேஆர்எல் புறநகர் மின்ரயில், எல்ஆர்டி இலகு ரயில். எல்ஆர்டியோடு வரும் ஜபோடெபெக் என்பது ஜகார்த்தா, போகோர், டெப்போக், பெக்காசி என்ற ஊர்ப் பெயர்களின் சுருக்கம்.

கார் வாங்குவதைப் பற்றி இங்கே எழுதவில்லை. முக்கியச் சாலைகளில் நெரிசல் நேரத்தில் வண்டி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து நாள் மாற்றி நாள்தான் கார்களை விடுகிறார்கள். அதனால் கார் வைத்திருப்பவருக்கும் பாதி நாள் வேறு வழி வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

வண்டி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

முதலில் பார்க்க வேண்டியது இரண்டு முனைகள். வீட்டு வாசலிலிருந்து நிறுத்தம் வரை, அப்புறம் இறங்கிய இடத்திலிருந்து ஆபீஸ் நாற்காலி வரை எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்று பாருங்கள். இந்த ஊரில் பல தெருக்களில் நடைபாதையே கிடையாது. இருக்கும் இடத்திலும் மாலை ஆறு மணிக்கு பைக்குகள் அதன் மேல்தான் ஓடும். மழைக்காலத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிக்கிற மழை சில நாள் எட்டு மணிக்குத்தான் விடும். அந்த நடையை நனைந்த காலோடு கற்பனை செய்துதான் கணக்குப் போட வேண்டும்.

நான் முதல் வீடு பார்த்தபோது தரகர் "ஸ்டேஷனுக்கு அஞ்சு நிமிஷம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, பைக்கில் அஞ்சு நிமிடம்தான். நடந்தால் முப்பது. அந்த இருபத்தைந்து நிமிட வித்தியாசத்துக்கு இரண்டு வருடம் தினமும் ஓஜெக்குக்குக் காசு கொடுத்தேன். ஓஜெக் என்றால் இங்கே பைக் டாக்சி.

இரண்டாவது, வண்டி மாறுவது. ஒரே வண்டியில் ஐம்பது நிமிடம் போவதும், முப்பத்தைந்து நிமிடத்தில் இரண்டு முறை மாறிப் போவதும் ஒன்றல்ல. மாறும் இடத்தில் எத்தனை படி, எவ்வளவு கூட்டம், அடுத்த வண்டி எப்போது, மறுபடி காசு கட்ட வேண்டுமா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, நாளுக்கு நாள் நேரம் எவ்வளவு மாறுகிறது என்பது. சராசரியாக நாற்பது நிமிடம் என்றாலும் மழை நாளில் தொண்ணூறு ஆகுமென்றால், ஒன்பது மணி மீட்டிங்குக்குத் தினமும் தொண்ணூறை வைத்துத்தான் கிளம்புவீர்கள். நாலாவது, கடைசி மைலுக்கான செலவையும் சேர்த்த மாதச் செலவு. ஐந்தாவது கூட்டம். குழந்தையோடோ வயதானவர்களோடோ போவதாக இருந்தால் இந்த ஐந்தாவது முதல் இடத்துக்கு வந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | டிரான்ஸ்ஜகார்த்தா (பஸ்வே) | எம்ஆர்டி | கேஆர்எல் | எல்ஆர்டி ஜபோடெபெக் |
|---|---|---|---|---|
| தொடங்கியது | 2004 | 2019 | மின்ரயிலாக 1925 | 2023 |
| எங்கே போகும் | நகரம் முழுக்க, 250 கி.மீ.க்கு மேல் தனித்தடம் | லெபாக் புலுஸ் – புந்தாரான் ஹாஈ, 15.7 கி.மீ. | போகோர், டெப்போக், பெக்காசி, தாங்கெராங், செர்போங் | டுகு அத்தாஸிலிருந்து பெக்காசிப் பக்கமும் சிபுபுர் பக்கமும் |
| கட்டணம் (ரூபியா) | 3,500. காலை 5–7 மணிக்கு 2,000 | 3,000 – 14,000 | முதல் 25 கி.மீ. 3,000; பிறகு 10 கி.மீ.க்கு 1,000 | முதல் கி.மீ. 5,000, பிறகு கி.மீ.க்கு 700, நெரிசல் நேரத்தில் அதிகபட்சம் 20,000 |
| 22 நாள், போக வர | 1,54,000 | இரு முனைக்கும் 6,16,000 | போகோர் – கோத்தா 2,64,000 | அதிகபட்சம் 8,80,000 |
| நேரம் தவறாமை | தடத்தைப் பொறுத்தது | மிக நன்று | பரவாயில்லை | நன்று |
| கூட்டம் | நெரிசல் நேரத்தில் அதிகம் | தாங்கலாம் | மிக அதிகம் | தாங்கலாம் |
| இரவு | முக்கியத் தடங்களில் 24 மணி நேரமும் | நள்ளிரவு வரை | நள்ளிரவு வாக்கில் நிற்கும் | அதற்குச் சற்று முன்பே நிற்கும் |

பணம் கட்டுவதில் சிக்கல் இல்லை. வங்கிகள் தரும் மின்பண அட்டை ஒன்று இருந்தால் நான்கிலும் தட்டி ஏறலாம். ஆனால் ஓர் அட்டையை இரண்டு பேர் மாற்றி மாற்றித் தட்ட முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும்.

## டிரான்ஸ்ஜகார்த்தா

ஊர்க்காரர்கள் இன்னமும் "பஸ்வே" என்றுதான் சொல்கிறார்கள். 2004 ஜனவரியில், சுத்தியோசோ ஆளுநராக இருந்தபோது, தெற்கே பிளாக் எம்மிலிருந்து வடக்கே பழைய நகரமான கோத்தா வரை முதல் தடம் ஓடியது. கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தைப் பார்த்துச் செய்தது. சாலையின் நடுவில் பேருந்துக்கு மட்டும் ஒரு தடம், அதன் ஓரத்திலேயே உயரமான நிறுத்தம், ரயில் நிலையம் மாதிரி உள்ளே நுழையும்போதே காசு. தென்கிழக்கு ஆசியாவில் இப்படி ஒன்று வந்தது அதுதான் முதல் முறை. இன்று 14 தடங்கள். உலகத்திலேயே நீளமான தனித்தடப் பேருந்து வலை என்று இதைத்தான் சொல்கிறார்கள். பெருந்தொற்றுக்குச் சற்று முன்பு, 2020 பிப்ரவரியில், ஒரே நாளில் பத்து லட்சம் பேர் ஏறினார்கள்.

புதிதாக வருகிறவர்கள் பேருந்து என்றதும் முகம் சுளிக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த நகரத்தில் நீங்கள் எங்கே வீடு எடுத்தாலும் பக்கத்தில் இருக்கப்போவது பெரும்பாலும் இதுதான். 3,500 ரூபியா என்பது இந்தியக் காசுக்கு இருபது ரூபாய்க்குள் அடங்கும். 2005லிருந்து அந்தக் கட்டணத்தை ஏற்றாமலே வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அந்த 3,500க்கு உள்ளே நுழைந்துவிட்டால், நிறுத்தத்தை விட்டு வெளியே வராதவரை எத்தனை தடம் வேண்டுமானாலும் மாறலாம், மறுபடி காசு இல்லை. வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஓடும் சிறிய வேன்கள் பல இப்போது இந்த அமைப்போடு சேர்ந்துவிட்டன. மிக்ரோடிரான்ஸ் என்று பெயர். அட்டையைத் தட்ட வேண்டும், ஆனால் கட்டணம் பூஜ்யம். வேன் வரும் தெருவில் வீடு கிடைத்தால் கடைசி மைலுக்கு ஒரு பைசா செலவில்லை.

சரி, குறைகள். தனித்தடம் என்பது எல்லா இடத்திலும் தனித்தடம் இல்லை. சுதிர்மான், தம்ரின் சாலைகளில் ஓடும் முதல் தடம் நன்றாகவே ஓடுகிறது. சுங்கச்சாலையை ஒட்டி கத்தோட் சுப்ரோத்தோ வழியாகப் போகும் ஒன்பதாம் தடத்தில், திருப்பங்களிலும் சந்திப்புகளிலும் கார்கள் குறுக்கே வந்து நிற்கும். மாலை நேரத்தில் செமாங்கியைத் தாண்டுவதற்கே தனிப் பொறுமை வேண்டும். இங்கே நெரிசலுக்கு "மாச்செட்" என்று பெயர். அந்த வார்த்தையை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வீர்கள்.

இன்னொரு குறை ஏறி இறங்குவது. நிறுத்தங்கள் சாலை நடுவில் இருப்பதால் மேம்பாலம் ஏறித்தான் போக வேண்டும். செமாங்கியில் முதல் தடத்துக்கும் ஒன்பதாம் தடத்துக்கும் மாற வேண்டுமென்றால் நடைமேம்பாலம் போய்க்கொண்டே இருக்கும். உயர்த்திய தடத்தில் ஓடும் பதின்மூன்றாம் தடம், சிலெடுக்கிலிருந்து தெண்டேயான் வரை, 2017இல் தொடங்கியபோது சிஎஸ்டபிள்யூ நிறுத்தத்துக்கு 117 படி ஏற வேண்டியிருந்தது. பக்கத்திலேயே எம்ஆர்டி நிலையம் வந்தபிறகும் இரண்டையும் சேர்க்கும் கட்டடம் 2021 கடைசியில்தான் திறந்தது. இன்று அங்கே தானியங்கிப் படிகள் இருக்கின்றன. நாற்பது நிமிடப் பயணத்தை மாறும் இடம் எப்படிக் கெடுக்கும், எப்படிச் சரியாக்கும் என்பதற்கு அந்த ஒரு நிறுத்தத்தைப் பார்த்தால் போதும். இத்தனைக்கும் தடம் அதே தடம்தான், பேருந்தும் அதே பேருந்துதான்.

பெண்களுக்குப் பேருந்தின் முன்பகுதி தனி. இரவு பத்து மணிக்குமேல் வேலை முடிகிறவர்களுக்கு இதைவிட்டால் வேறு நாதி இல்லை என்றே சொல்லலாம், முக்கியத் தடங்களில் விடியவிடிய ஓடுகிறது.

யாருக்கு: வீடும் ஆபீஸும் நகர எல்லைக்குள் இருந்து, ஒரு முறைக்குமேல் மாற வேண்டாத எல்லாருக்கும். காலை ஏழுக்கு முன் கிளம்புகிறவர்களுக்கு இன்னும் நல்லது, கட்டணமும் குறைவு, சாலையும் காலி.

யாருக்கு வேண்டாம்: இரண்டு தடங்களுக்குமேல் மாற வேண்டியவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துப் போகிறவர்கள்.

## எம்ஆர்டி

2013இல் வேலை தொடங்கி 2019 மார்ச் 24 அன்று அப்போதைய அதிபர் ஜோக்கோ விடோடோ திறந்துவைத்தார். 13 நிலையங்கள், தெற்கே லெபாக் புலுஸிலிருந்து ஏழு நிலையங்கள் மேலே, செனாயானிலிருந்து வடக்கே ஆறு நிலையங்கள் தரைக்கடியில். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு முப்பது நிமிடம். அந்த முப்பது நிமிடம் மழையிலும் முப்பதுதான், வெள்ளிக்கிழமை மாலையிலும் முப்பதுதான். நெரிசல் நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில், மற்ற நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒன்று. சுரங்க நிலையங்களின் வாசலை வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், அதனால் உள்ளே இறங்குவதற்கு முன்பு சில படி மேலே ஏறுவீர்கள்.

டெப்போக்கிலிருந்து சிபேத்தேவுக்கு வீடு மாறியபோது தினமும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் என் கைக்குத் திரும்பி வந்தது. பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க முடிந்தது அதற்கப்புறம்தான். அதனால் எம்ஆர்டி மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அதையும் கழித்துக்கொண்டே நான் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதன் மறைமுகச் செலவு டிக்கெட்டில் தெரியாது, வாடகையில் தெரியும். சிபேத்தே, ஹாஜி நாவி, பிளாக் ஏ என்று நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் வீட்டுக்கும் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வீட்டுக்கும் வாடகை வித்தியாசத்தை விசாரித்துப் பாருங்கள். டிக்கெட்டில் மிச்சம் பிடிப்பதைப் பற்றிப் பேசவே தோன்றாது. உள்ளே தள்ளி வீடு எடுத்து ஓஜெக்கில் நிலையத்துக்கு வந்தால் எம்ஆர்டியின் நேரம் தவறாமை பாதி போய்விடும், ஏனென்றால் அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் மாச்செட் இருக்கிறது.

பெரிய குறை, ஒரே பாதைதான். வடக்கே புந்தாரான் ஹாஈயோடு நிற்கிறது. கோத்தா வரை நீட்டும் சுரங்க வேலை நடக்கிறது, அதற்காக ஹார்மோனியில் இருந்த பெரிய பஸ்வே நிறுத்தத்தையே 2023இல் இடம் மாற்றினார்கள். அந்தப் பாதை வரும் என்று நம்பி இன்றைக்கு வீடு எடுக்காதீர்கள். ரயில் ஓடத் தொடங்கியபிறகு எடுக்கலாம்.

எம்ஆர்டியில் வந்து பஸ்வேக்கு மாறுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 2022லிருந்து ஒருங்கிணைந்த கட்டணம் இருக்கிறது: டிரான்ஸ்ஜகார்த்தா, எம்ஆர்டி, எல்ஆர்டி ஜகார்த்தா (இது வேறு எல்ஆர்டி, பின்னால் சொல்கிறேன்) மூன்றையும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்குள் ஒரு பயணமாகப் போனால் 10,000 ரூபியாவுக்குமேல் போகாது. கேஆர்எல்லும் எல்ஆர்டி ஜபோடெபெக்கும் இதில் சேராது.

யாருக்கு: இரண்டு முனையும் பத்து நிமிட நடையில் இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். வேண்டாம்: ஒரு முனைக்கு மட்டும் பொருந்தி, மறுமுனைக்கு ஓஜெக் வேண்டுமென்றால்.

## கேஆர்எல்

இந்த ரயிலைப் பற்றி எழுதினால் நிறுத்த முடியாது எனக்கு. 1925இல் டச்சுக்காரர்கள் காலத்தில் தஞ்சோங் பிரியோக்கிலிருந்து இன்றைய ஜாத்திநெகாராவுக்கு முதல் மின்ரயில் ஓடியது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பு வரை கூரைமேல் ஆட்கள் உட்கார்ந்து போவார்கள். அவர்களைத் தடுக்கத் தண்டவாளத்துக்கு மேலே கான்கிரீட் உருண்டைகளைத் தொங்கவிட்டுக்கூடப் பார்த்தார்கள். அப்புறம் இக்னாசியஸ் ஜோனான் ரயில்வே நிறுவனத்துக்குத் தலைமை வகித்தபோது நிலையங்களை வேலியிட்டு, 2013இல் மின் அட்டையைக் கொண்டுவந்து, குளிர்சாதனம் இல்லாத வண்டிகளை எடுத்துவிட்டார்கள். ஜப்பானில் ஓடி முடித்த பெட்டிகளை வாங்கிவந்து ஓட்டினார்கள். சில பெட்டிகளில் ஜப்பானிய எழுத்து ஒட்டிய தகடு இன்னும் இருக்கும். பெருந்தொற்றுக்கு முன்பே ஒரு நாளைக்குப் பத்து லட்சம் பேரை நெருங்கிவிட்டார்கள்.

காசு என்று பார்த்தால் இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. போகோரிலிருந்து கோத்தா வரை ஐம்பது கிலோமீட்டருக்குமேல், ஒன்றரை மணி நேரம் போல ஆகும், கட்டணம் 6,000. டெப்போக்கில் நல்ல வீடு, கொஞ்சம் மரங்கள், பிள்ளைகளுக்கு விளையாட இடம் எல்லாம் நகரத்துக்குள் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையில் கிடைக்கும். அதனால்தான் அத்தனை பேரும் இதில் வருகிறார்கள்.

காலை ஆறரையிலிருந்து எட்டு வரை உட்கார இடம் என்ற பேச்சே கிடையாது. கையை மேலே தூக்கினால் கீழே இறக்க முடியாது. முதல் பெட்டியும் கடைசிப் பெட்டியும் பெண்களுக்கு. அங்கே கூட்டம் குறைவாக இருக்கும் என்று நினைத்துப் போகும் பெண்கள், நெரிசல் நேரத்தில் அது இன்னும் மோசம் என்று சொல்லித் திரும்பிப் பொதுப்பெட்டிக்கே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

வீடு எடுப்பதற்கு முன் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் மங்கராய் நிலையம். முன்பெல்லாம் போகோர் பக்கமிருந்து சுதிர்மான், தானா அபாங் வழியாக நேர் ரயில் இருந்தது. 2022 மே கடைசியில் பாதைகளை மாற்றினார்கள். இப்போது போகோர் ரயில்கள் நேராகக் கோத்தாவுக்குப் போய்விடும். சுதிர்மானுக்குப் போகிறவர்கள் மங்கராயில் இறங்கி, பெக்காசிப் பக்கமிருந்து வரும் சிகாராங் பாதை ரயிலுக்கு மாற வேண்டும். போகோர் ரயில் நிற்பது மேல்தளத்தில், மற்றது கீழே. ஒரே நேரத்தில் பெட்டி பெட்டியாக ஆட்கள் இறங்கி அந்தப் படிகளில் நெருக்கும்போது, ரயில் பயணத்தைவிட அந்தப் பத்து நிமிடம்தான் உடம்பை வாட்டும். பழைய பாதையை மனதில் வைத்து "டெப்போக்கிலிருந்து நேரா போயிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதே மாற்றம் பெக்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு நல்லதாக முடிந்தது, அவர்கள் மாறாமலே சுதிர்மானில் இறங்கலாம். மேற்கே செர்போங், பிஎஸ்டி பக்கம் வீடு எடுப்பவர்களுக்கு ரயில் தானா அபாங்கோடு முடியும், அங்கே ஒரு மாற்றம். தானா அபாங் துணிச்சந்தைக் கூட்டமும் ரயில் கூட்டமும் சேர்ந்து வரும் நேரத்தை நீங்களே ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

யாருக்கு: நகரத்துக்கு வெளியே விசாலமான வீடு வேண்டும், ஆபீஸ் நேரத்தை முன்னே பின்னே நகர்த்த முடியும் என்பவர்களுக்கு. காலை ஆறுக்கு முன் ஏறி மாலை ஏழரைக்குமேல் திரும்பினால் இதே ரயில் வேறு ரயில் மாதிரி இருக்கும். வேண்டாம்: சுதிர்மானில் சரியாக ஒன்பதுக்கு இருக்க வேண்டிய போகோர், டெப்போக்வாசிகளுக்கு, கர்ப்பிணிகளுக்கு, குழந்தையைக் காப்பகத்தில் விட்டு அழைத்துவர வேண்டியவர்களுக்கு.

## எல்ஆர்டி ஜபோடெபெக்

2023 ஆகஸ்ட் 28இல் தொடங்கியது. ஓட்டுநர் இல்லாத ரயில், உள்நாட்டிலேயே கட்டிய பெட்டிகள். டுகு அத்தாஸிலிருந்து குனிங்கான் வழியாகச் சாவாங் வரை ஒரே பாதை, அங்கே பிரிந்து ஒன்று பெக்காசிப் பக்கம் ஜாத்திமுல்யாவுக்கு, இன்னொன்று சிபுபுர் பக்கம் ஹர்ஜாமுக்திக்கு. பெரும்பாலும் சுங்கச்சாலையை ஒட்டியே மேலே ஓடுகிறது. கீழே கார்கள் நின்றுகொண்டிருக்க நீங்கள் மேலே போய்க்கொண்டிருப்பீர்கள், மாலையில் அந்தக் காட்சி மனதுக்கு அவ்வளவு ஆறுதல்.

ஆனால் சுங்கச்சாலை ஓரத்தில் நிலையம் கட்டினால் அங்கே வீடுகள் இருக்காது. பெக்காசி முனையில் பல நிலையங்களுக்கு நடந்து போவது கஷ்டம், பைக்கை நிறுத்திவிட்டு ஏற வேண்டும் அல்லது ஓஜெக். தொடங்கிய சில மாதங்களிலேயே சக்கரங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேய்ந்து பல வண்டிகளைப் பழுதுபார்க்க எடுத்துவிட்டார்கள், இடைவெளி நீண்டுபோனது. அது தொடக்கக் காலத்து விஷயம்.

செலவு அதிகம். முனையிலிருந்து முனைக்கு நெரிசல் நேரத்தில் 20,000, மற்ற நேரத்திலும் விடுமுறையிலும் 10,000தான் உச்சம். அதே பெக்காசியிலிருந்து கேஆர்எல்லில் வந்தால் இதில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த வித்தியாசத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது மூச்சுவிட இடமும், குனிங்கானில் நேராக இறங்கும் வசதியும். குனிங்கானுக்கு கேஆர்எல்லும் எம்ஆர்டியும் போகாது, ஆகவே அங்கே ஆபீஸ் உள்ளவர்களுக்கு இது கொடுக்கத்தக்க காசு.

எல்ஆர்டி ஜகார்த்தா என்று இன்னொன்று இருக்கிறது, பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கெலாப்பா காடிங்கிலிருந்து வெலோட்ரோம் வரை 5.8 கிலோமீட்டர் என்று 2019இல் தொடங்கியது, கட்டணம் 5,000. அந்தப் பக்கம் குடியிருந்து நாலாம் தடப் பஸ்வேயைப் பிடிக்கிறவர்களுக்கு உதவும்.

## எல்லாரும் விட்டுவிடும் செலவு

ஓஜெக்கைத்தான் சொல்கிறேன். செயலியில் கூப்பிட்டால் மூன்று நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடும், அதனால் பழகிவிடும். மிகக் குறைந்த தூரத்துக்கே பத்தாயிரத்துக்குமேல் ஆகிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வைத்தால் நாளுக்கு இருபதாயிரம், 22 நாளுக்கு 4,40,000. இது டிரான்ஸ்ஜகார்த்தாவுக்கு மாதம் முழுக்கக் கொடுப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மழை நாளில் கட்டணம் ஏறும், ஆளும் கிடைக்காது. "கேஆர்எல் மலிவு" என்று டெப்போக்கில் உள்ளே தள்ளி வீடு எடுத்தவர், ஓஜெக்கைச் சேர்த்துப் பார்த்தால் சிபேத்தேயில் நடந்துபோகும் தூரத்தில் இருப்பவரைவிட அதிகமாகவே போக்குவரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். நான் அப்படித்தான் இரண்டு வருடம் கொடுத்தேன்.

## கேட்ட மூன்று பேருக்கு

செத்தியாபுடியில் ஆபீஸ் உள்ள தனி ஆளுக்கு: எம்ஆர்டி நிலையம் அங்கேயே இருக்கிறது. வீடு தேடாமல் பட்மாவாத்தியிலோ பிளாக் ஏயிலோ "கோஸ்" பாருங்கள். கோஸ் என்றால் மாத வாடகை அறை, தனி ஆளுக்கு அதுவே போதும், வருட முன்பணமும் கேட்க மாட்டார்கள். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் கிடைக்கவில்லை என்றால் எம்ஆர்டி ஆசையை விட்டுவிட்டு முதல் தட பஸ்வேயை ஒட்டித் தேடுங்கள், செத்தியாபுடி அந்தத் தடத்திலும்தான் இருக்கிறது.

குனிங்கான், கைக்குழந்தை, பெக்காசி: கேஆர்எல் வேண்டாம். எல்ஆர்டி நிலையத்துக்கு உண்மையிலேயே நடந்துபோக முடிகிற வீடு கிடைத்தால் மட்டும் பெக்காசி. கிடைக்காவிட்டால், வாடகையில் மிச்சமாகும் காசையும் ஓஜெக், எல்ஆர்டி இரண்டுக்கும் மாதம் போகும் 13 லட்சம் ரூபியாவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். குனிங்கானுக்கு ஆறாம் தடப் பஸ்வே ராகுனான் பக்கமிருந்து வருகிறது. அந்தத் தடத்தில் கொஞ்சம் தெற்கே தள்ளி வீடு பார்த்தால் ஒரே பேருந்தில் வேலைக்குப் போய்விடலாம், அவசரமென்றால் அப்பா முக்கால் மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடுவார். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதற்கு எவ்வளவு மதிப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கெமாயோரான் பள்ளி, பிளாக் எம் ஆபீஸ்: பள்ளிப் பக்கமே வீடு எடுங்கள். பிள்ளைகளைத் தினமும் நகரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அனுப்ப வேண்டாம், பெரியவர் போய்வரட்டும். வழி இருக்கிறது. கெமாயோரான் நிலையத்திலிருந்து கேஆர்எல், வட்டமாகத் தானா அபாங் வழியாகச் சுதிர்மான் வரை மாறாமல் போகலாம். அங்கே இறங்கி டுகு அத்தாஸில் கெண்டால் சுரங்கப்பாதை வழியாக எம்ஆர்டிக்கு நடக்கலாம், அந்த இடத்தை 2019இல் நடப்பவர்களுக்கென்றே மாற்றிவிட்டார்கள், நல்ல நடை. அங்கிருந்து பிளாக் எம். ஒரே ஒரு மாற்றம். வாரக்கடைசியில் துணிக்கடைகளுக்கும் இந்தியச் சாமான்களுக்கும் பசார் பாரு பக்கத்திலேயே இருக்கும்.

மூன்று பேரும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி ஆபீஸ் வரை போய்ப் பாருங்கள். திரும்புவதை ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு வையுங்கள், மழை பெய்தால் ரொம்ப நல்லது. மாறும் இடத்தில் எத்தனை நிமிடம் நின்றீர்கள், எங்கே நனைந்தீர்கள் என்று குறித்துக்கொண்டு வந்து எனக்கு எழுதுங்கள், அதை வைத்து மறுபடி பேசலாம்.